தலையை ஆட்டாமல் குறை சொல்வது

அக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் வகுப்பில், வீட்டைச் சூடாக்கும் பாய்லரைப் பற்றிய பேச்சு ஆரம்பித்துவிடும். வடமேற்கு லண்டனில், ஒரு சமூகக் கூடத்தின் பின்னறையில், வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ஈசோல் வகுப்பு என்று இங்கே பெயர். யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்தவர்கள், குஜராத்திப் பெண்கள், ருமேனியர்கள், போலந்துக்காரர்கள், சோமாலியர்கள், துருக்கியர்கள் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். கோடையில் பிள்ளைகள், வேலை, ஊர்ப் பயணம் என்று பேச்சு ஓடும். குளிர் வந்ததும் குறைகள் வந்துவிடும். ஹீட்டர் சூடாகவில்லை. வீட்டுக்காரர் போன் எடுப்பதில்லை. படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படர்கிறது. டாக்டரைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. எல்லாக் கதையும் ஒரே இடத்தில் வந்து முடியும்: "சொன்னேன், ஆனால் கேட்கவில்லை."

இவர்களில் பலருக்கு வேண்டிய அளவு ஆங்கிலம் இருக்கிறது. ஐரோப்பிய மொழித் தரவரிசையில் பி1 என்ற நடுத்தர நிலைக்கு வந்தவர் என்னென்ன செய்ய முடிந்தவராக இருக்க வேண்டும் என்ற பட்டியலில், சரியில்லாத பொருளைக் கடையில் திருப்பிக் கொடுப்பதும் குறை சொல்வதும் இருக்கின்றன. எங்கள் மாணவர்கள் அந்தத் தேர்வுகளை எழுதித் தேறியவர்கள். வகுப்பில் கேட்டால் சரியான வாக்கியத்தைச் சொல்வார்கள். கவுன்டருக்குப் போனதும் அந்த வாக்கியத்தோடு கூடவே ஒரு உடம்பும் ஒரு குரலும் போகின்றன. வாய் "இது சரியில்லை" என்கிறது. உடம்பு "பரவாயில்லை, விடுங்கள்" என்கிறது, அல்லது "உன்னை விடமாட்டேன்" என்கிறது. எதிரில் இருப்பவர் அந்த உடம்புக்குத்தான் பதில் சொல்கிறார். பாடப் புத்தகங்கள் இந்தப் பாதியைத் தொடுவதே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தலையாட்டல். வகுப்புக்கு வரும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவருக்குத் துணையாக ஒருமுறை ஜிபி என்கிற குடும்ப மருத்துவரின் கிளினிக்குக்குப் போயிருந்தேன். தானே பேசுவேன் என்றார், நான் சற்றுத் தள்ளி நின்றேன். வாரக்கணக்கில் இருமல், மருந்து முடிந்துவிட்டது, போன் செய்தால் வரிசையில் நிறுத்திவிட்டுத் துண்டித்துவிடுகிறார்கள் என்று அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. நல்ல ஆங்கிலம். ரிசப்ஷனில் இருந்த பெண், இன்றைக்கு இடம் இல்லை, நாளைக் காலை 8 மணிக்குப் போன் செய்யுங்கள் என்று விளக்க ஆரம்பித்தார். அவர் பேசப் பேச இந்த அம்மாவின் தலை பக்கவாட்டில் மெல்ல ஆடிக்கொண்டே இருந்தது. "ம்... ம்... ஓகே, ஓகே." அந்தப் பெண் புன்னகை செய்து, நன்றி சொல்லி, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் ஓமெண்டு சொல்லேல்லையே. அவ சொன்னதைக் கேட்டுக்கொண்டுதானே நிண்டனான்."

அவர் சொன்னது உண்மை. நம்மில் ஒருவர் பேசும்போது தலையை ஆட்டி 'ம்' கொட்டாமல் நின்றால் அது மரியாதைக் குறைவு. கேட்கிறேன், மேலே சொல்லுங்கள் என்பதுதான் அதன் பொருள், சம்மதம் அதில் இல்லை. இங்கே பிரிட்டிஷ்காரரின் கண்ணுக்கு அது சம்மதம். "ஓகே" என்ற சொல்லும் சேர்ந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்றே ஆகிவிடும். ரிசப்ஷன் பெண் ஏமாற்றவில்லை. குறை தீர்ந்துவிட்டது என்று அவர் நிஜமாகவே நினைத்தார்.

அதன்பிறகு வகுப்பில் இதைத் தனியாகப் பயிற்சி செய்கிறோம். எதிரில் இருப்பவர் மறுத்துப் பேசும்போது கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்த்து, சத்தம் இல்லாமல் கேட்பது. அவர் முடித்ததும் "ஐ அண்டர்ஸ்டாண்ட்" என்று தொடங்கி "பட் ஐ ஸ்டில் நீட் டு சீ எ டாக்டர் டுடே" என்று முடிப்பது. கேட்டேன் என்பதை அந்த முதல் இரண்டு சொல் சொல்லிவிடுகிறது, தலை ஆட வேண்டியதில்லை. சொல்லும்போது எளிதாக இருக்கிறது, ஆனால் வாழ்நாள் பழக்கம் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. பெரியவர்களுக்கு இது பழக வாரங்கள் ஆகின்றன. நமக்கு மட்டும்தான் இந்தச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். பல்கேரியர்கள் ஆம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் அசைப்பவர்கள், துருக்கியர்கள் புருவத்தைத் தூக்கி நாக்கால் 'ச்சு' என்று ஒலி எழுப்பினால் இல்லை என்று அர்த்தம். ஒரு தமிழ்ப் பெண் தன் துருக்கித் தோழியின் துயரத்தைக் கேட்டு இரக்கத்தோடு 'ச்சு ச்சு' கொட்ட, அந்தத் தோழி இவள் நான் சொல்வதை மறுக்கிறாளே என்று திகைத்துப்போனதை எங்கள் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். லண்டனில் இந்த ஒலிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கரீபியன், ஆப்பிரிக்கக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்குப் பல்லிடுக்கில் காற்றை இழுத்து எழுப்பும் ஒலி பெரிய அவமதிப்பு. கவுன்டர் முன்னால் நாக்கையும் பல்லையும் சும்மா வைத்திருப்பது நல்லது.

அப்புறம் குரல். இதில்தான் விஷயம் ஆழமாக இருக்கிறது.

1970களில் ஜான் கம்பர்ஸ் என்ற அமெரிக்க மொழியியலாளர் இங்கே ஒரு பெரிய விமான நிலையத்தின் ஊழியர் உணவகத்தில் நடந்த பிணக்கை ஆராய்ந்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் சிடுசிடுப்பாக இருக்கிறார்கள் என்று சாப்பிட வந்தவர்கள் புகார் சொன்னார்கள். அந்தப் பெண்களோ, எங்களைத்தான் இவர்கள் மட்டமாக நடத்துகிறார்கள் என்றார்கள். பதிவு செய்து கேட்டுப் பார்த்தபோது பிணக்கு ஒரே ஒரு சொல்லில் இருந்தது. தட்டில் கறிக்குழம்பு ஊற்றலாமா என்று கேட்பதற்கு உள்ளூர்ப் பெண்கள் "கிரேவி?" என்று குரலை ஏற்றினார்கள். நம் பக்கத்துப் பெண்கள் "கிரேவி." என்று குரலை இறக்கினார்கள். கேட்டவர்களுக்கு அது "இது கிரேவி, வேண்டுமானால் எடுத்துக்கொள்" என்று ஒலித்தது. இரண்டு தரப்பையும் உட்கார வைத்து ஒலிநாடாவைப் போட்டுக் காட்டிய பிறகுதான் பகை தணிந்தது.

தமிழர்களுக்கு இது ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். "வேணுமா?" என்றால் அந்த 'ஆ'வே கேள்வி. குரல் ஏறியாக வேண்டும் என்று இல்லை. "கொடுங்க" என்றால் மரியாதை அந்த 'ங்க'வுக்குள் இருக்கிறது. "நேற்றே சொன்னேன்", "நான்தான் சொன்னேன்" என்று எந்த இடத்தில் அழுத்தம் வேண்டுமோ அங்கே ஒரு ஏகாரமோ 'தான்' என்பதோ வந்து உட்கார்ந்துவிடும். ஆங்கிலத்தில் இந்த வேலையில் பெரும்பகுதியைக் குரல் செய்கிறது. அங்கே போகும்போது நம் கையில் இருந்த கருவிகள் எல்லாம் பிடுங்கப்பட்டுவிடுகின்றன. அழுத்திச் சொல்ல வேறு வழி தெரியாமல் முழு வாக்கியத்தையும் உயர்த்திச் சொல்கிறோம். அது கத்துவதாகக் கேட்கிறது. கிளினிக் சுவரில், ஊழியர்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டால் பொறுத்துக்கொள்ள மாட்டோம் என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். சத்தம் ஏறிய நொடியே உள்ளே இருப்பவர் மனதில் அந்த நோட்டீஸ் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு இருமலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இதற்கு நான் சொல்லித் தரும் வழி: ஒரு வாக்கியத்துக்கு ஒரே ஒரு சொல்லில் மட்டும் பாரத்தை ஏற்றுங்கள். மற்றதெல்லாம் சமமாக, தாழ்வாகப் போகட்டும். "இட்ஸ் *ஸ்டில்* லீக்கிங்." "ஐ *டிட்* கால் யூ." 'ஸ்டில்' என்ற அந்தச் சின்னச் சொல் இத்தனை நாள் காத்திருந்த எரிச்சலை முழுவதும் சுமந்துகொண்டு போகும். வாக்கியத்தின் கடைசியில் குரல் இறங்க வேண்டும். கடைசியில் ஏறினால் கெஞ்சலாகவோ சண்டையாகவோ கேட்கும். எங்கள் பெண்கள் சிலருக்குக் கோபத்தைவிட அழுகுரல்தான் முதலில் வருகிறது. இழுத்து, இரங்கி, "ப்ளீஸ், ப்ளீஸ்" என்று அடுக்கிப் பேசுவார்கள். ஊரில் கேட்பவர் மனம் இளகும். இங்கே கேட்பவர் பதற்றப்பட்டுப் பின்வாங்குகிறார். ஒரு 'ப்ளீஸ்' போதும், அதுவும் கடைசியில்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இலக்கணத்தில் பிழைவிட்டால் இவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்று கேட்பவர் பொறுத்துக்கொள்கிறார். தொனியிலோ தோரணையிலோ பிசகினால் மொழி தெரியவில்லை என்று நினைப்பதில்லை, இவர் குணமே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார். ஜெனி தாமஸ் என்ற மொழியியலாளர் 1983இல் இதைத் தெளிவாக எழுதிவைத்தார். ஓரளவு சரளமாகப் பேசுபவர்களுக்குத்தான் இதில் அதிக நஷ்டம். நன்றாகப் பேசத் தெரிந்தவர், வேண்டுமென்றேதான் இப்படிப் பேசுகிறார் என்று ஆகிவிடுகிறது. எங்கள் வகுப்பில் பி1 தாண்டியவர்கள் தொடக்க நிலைக்காரர்களைவிட அதிகமாக மனக்காயப்பட்டுத் திரும்பி வருவதற்கு இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

சொற்களில் மாற்ற வேண்டியவை சிலதான். முதலாவது 'யூ'. "யூ டிட் நாட் சென்ட்", "ஒய் யூ டிட் லைக் திஸ்?" என்று தொடங்கினால் எதிரில் இருக்கும் அந்த ஒரு ஆளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறோம். அவர் பெரும்பாலும் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனாக இருப்பார். "நீங்கள் அனுப்பவில்லை" என்பதற்குப் பதில் "எனக்கு வரவில்லை" என்று சொன்னால் போதும்: "ஐ ஹேவ்ன்ட் ரிசீவ்ட் இட்." அதே செய்தி, ஆனால் யாருடைய முகத்திலும் அடிக்கவில்லை. 'யூ பீப்பிள்' என்பதை அடியோடு விட்டுவிடுங்கள். "நீங்க எல்லாரும்" என்ற நினைப்பில் நாம் சொல்கிறோம். இங்கே அது ஒரு இனத்தையோ கூட்டத்தையோ ஒதுக்கி இழிவாகப் பேசும் சொல். ஒரு சோமாலியப் பெண் பள்ளி அலுவலகத்தில் இதைச் சொல்லிவிட்டு, ஏன் திடீரென்று எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று புரியாமல் வந்து கேட்டார். அவருடைய மகனின் பஸ் பாஸ் பற்றிய கேள்வி அன்றைக்கு அப்படியே நின்றுபோனது.

நம் பேச்சில் கடுமையைத் தணிப்பது உறவுச்சொற்கள். "அண்ணே, இது சரியில்லையே" என்றால் அந்த 'அண்ணே' பாதிக் காரத்தை எடுத்துவிடும். ஆங்கிலத்தில் அது இல்லாமல் நிற்கும்போது அம்மணமாக நிற்பதுபோல் இருக்கிறது என்று ஒரு வன்னிக்காரர் சொன்னார். அந்தக் கூச்சத்தில் 'சார் சார்', 'மேடம் மேடம்' என்று அடுக்குகிறார்கள். இங்கே அது ஒட்டுவதில்லை. பெயர் கேட்டுக்கொள்ளுங்கள் என்பேன். "கேன் ஐ டேக் யுவர் நேம், ப்ளீஸ்?" என்று கேட்டு, பிறகு அந்தப் பெயரைச் சொல்லிப் பேசினால் அண்ணே செய்த வேலையை ஓரளவு அது செய்யும். பின்னாளில் யாரிடம் பேசினோம் என்று சொல்லவும் உதவும்.

மரியாதையைப் பற்றி உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் 1978இல் முதலில் வெளியிட்டது. எதிராளியின் முகம் வாடாமல் பேச மனிதர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்பதுதான் அதன் விஷயம். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகள் ஆங்கிலம், மெக்சிகோவின் செல்டால், தமிழ். தமிழுக்கான தரவு கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தது. இதை வகுப்பில் சொல்லும்போது தமிழ் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கிறேன். மரியாதையாகப் பேசத் தெரியாதவர்கள் என்ற எண்ணம் மற்றவர்கள் பார்வையிலிருந்து இவர்கள் மனதுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. உலகத்துக்கு மரியாதையை விளக்க எடுத்துக்காட்டாக இருந்ததே நம் கிராமத்துப் பேச்சு.

கைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆள்காட்டி விரல் வேண்டாம். "என்ன?" என்று கேட்க மணிக்கட்டைத் திருப்பி விரல்களை விரிக்கிறோமே, அது இங்கே சண்டைக்கு அழைப்பது போலத் தெரிகிறது. கவுன்டருக்கு மேல் சாய வேண்டாம், அரை அடி பின்னால் நில்லுங்கள். கையில் ஒரு காகிதமோ ரசீதோ இருந்தால் விரலும் கண்ணும் தாமாக அதன்மேல் போய்விடும். குற்றம் ஆளைவிட்டு அந்தக் காகிதத்துக்கு நகர்ந்துவிடும். வெறுங்கையோடு போகிறவர்களுக்கும் காகிதத்தோடு போகிறவர்களுக்கும் தோரணையிலேயே வித்தியாசம் தெரிகிறது.

சிரிப்பு கொஞ்சம் சிக்கலானது. சங்கடத்தில் சிரிப்பது நம் வழக்கம். பெரியவர் முன்னால் கண்ணைத் தாழ்த்துவதும் அப்படித்தான். குறை சொல்லும்போது இரண்டும் சேர்ந்து வந்தால், இவருக்கு இது பெரிய பிரச்சினை இல்லை போலிருக்கிறது என்றோ, எதையோ மறைக்கிறார் என்றோ நினைத்துவிடுகிறார்கள். எந்நேரமும் கண்ணுக்குள் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதில்லை, அதுவும் முறைப்பதாகிவிடும். வணக்கம் சொல்லும்போது சிரியுங்கள். பிரச்சினையைச் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் சிரிப்பை எடுத்துவிட்டு நேராகப் பாருங்கள். நன்றி சொல்லும்போது மறுபடி சிரிக்கலாம்.

உரிமை தெரிந்தவரின் உடம்பே வேறு மாதிரி நிற்கிறது. பழுதான கெட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போகத் தயங்கிய ஒருவருக்கு, 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம் என்று சொன்னேன். அதுவரை அவர் ஒத்திகையில் தோளைக் குறுக்கி, தன் வறுமையை, வீட்டு நிலைமையை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டம் தெரிந்ததும் இரண்டே வாக்கியம்தான்: கெட்டில் வேலை செய்யவில்லை, பணம் திரும்ப வேண்டும். தோள் தானாக நிமிர்ந்துவிட்டது. நான் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

நீளம் இன்னொரு பெரிய விஷயம். கற்றுக்கொள்பவர்கள் தாய்மொழிக்காரர்களைவிட நீட்டிப் பேசுகிறார்கள் என்று ஷோஷனா புளும்-குல்கா, எலைட் ஓல்ஷ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் ஹீப்ரு கற்பவர்களை வைத்து 1986இலேயே காட்டினார்கள். நம்பிக்கை குறைவாக இருக்கும்போது காரணத்துக்கு மேல் காரணமாக அடுக்கத் தோன்றுகிறது. நமக்கு இதோடு இன்னொரு பழக்கமும் சேர்கிறது. விஷயத்தை ஆதியிலிருந்து சொன்னால்தான் நியாயம் விளங்கும் என்று நினைக்கிறோம். "ஆக்சுவலி வாட் ஹேப்பன்ட் இஸ்" என்று தொடங்கி, போன மாதம் யார் வந்தார், என்ன பார்த்தார், என்ன சொன்னார் என்று வந்து, கடைசியில்தான் பாய்லரைத் தொடுவோம். எதிரில் இருப்பவரோ முதல் மூச்சிலேயே இது யாருடைய வேலை, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று தேடுகிறார். அவருக்கு அது கிடைக்காதபோது முகத்தில் சலிப்பு வருகிறது. அதைப் பார்த்து நம் குரல் ஏறுகிறது.

அதனால் வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கிறேன். என்ன கெட்டிருக்கிறது, எனக்கு என்ன வேண்டும், ஏன் அவசரம். "மை பாய்லர் ஹேஸ்ன்ட் வொர்க்ட் சின்ஸ் மண்டே. ஐ நீட் சம்ஒன் டு கம் டுடே. ஐ ஹேவ் எ பேபி அட் ஹோம்." அவ்வளவுதான். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பு எங்கள் மாணவர்களுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கிறது. இரண்டு நொடி மௌனம் வந்தால் போதும், "இட்ஸ் ஓகே, நோ ப்ராப்ளம்" என்று தாங்களே குறையைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். மௌனம் எதிரில் இருப்பவர் பக்கத்து வேலை நடக்கும் நேரம். அதை நாம் நிரப்பக் கூடாது.

முதல் வார்த்தையிலேயே "ஐ வான்ட் டு மேக் எ கம்ப்ளெயின்ட்" என்று ஆரம்பிக்கச் சொல்லிக் கொடுக்கும் புத்தகங்கள் இருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது கடைசிப் படியில் எடுக்க வேண்டியது. முதலில் "தேர் சீம்ஸ் டு பி எ ப்ராப்ளம் வித்" என்பதே போதும். நடக்கவில்லை என்றால் "ஐ ம் நாட் வெரி ஹாப்பி வித் திஸ்." ஆங்கிலேயரிடம் இது நன்றாகவே உறைக்கும். 'வெரி ஆங்ரி' என்று சொல்வதைவிட அதிகமாக உறைக்கும். அவர்கள் பேச்சில் சொல் சுருங்கச் சுருங்கக் கோபம் கூடுகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் மறுபக்கத்திலிருந்து வரும் குறைகளும் நம் காதில் விழும். பக்கத்து வீட்டுக்காரர் "உங்கள் பாட்டு கொஞ்சம் கேட்கிறது" என்றால் அவர் இரவெல்லாம் தூங்கவில்லை என்று அர்த்தம்.

பேருந்து நிறுத்தத்தில் யாராவது "ஷாக்கிங், இஸ்ன்ட் இட்" என்று பஸ் வராததைப் பற்றிச் சொன்னால் அது வேறு வகை. நம்மிடம் எதையும் கேட்கவில்லை, சேர்ந்து அலுத்துக்கொள்ளக் கூப்பிடுகிறார். நம்மவர்கள் உடனே இன்னொரு பஸ் எண்ணைச் சொல்லி வழிகாட்டப் பார்க்கிறார்கள். "ஐ நோ" என்று பெருமூச்சு விட்டால் போதும். இந்த நாட்டில் பல நட்புகள் அப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

பயிற்சி எப்படிச் செய்கிறோம் என்று கேட்பவர்களுக்காக: இருவர் கவுன்டர் காட்சியை நடிப்பார்கள், இன்னொருவர் மொபைலில் பிடிப்பார். முதலில் சத்தத்தை அணைத்துவிட்டு எல்லாரும் பார்ப்போம். இவர் கேட்கிறாரா, திட்டுகிறாரா, ஒத்துக்கொள்கிறாரா? போலந்துக்காரரும் குஜராத்திப் பெண்ணும் வேறு வேறு பதில் சொல்வார்கள், அதிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும். அடுத்து படத்தை மறைத்து ஒலியை மட்டும் கேட்போம். கடைசியில் இரண்டையும் சேர்த்து. தன்னைத் தானே பார்ப்பதைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை என்பது என் அனுபவம். வீட்டில் தனியாகவும் செய்யலாம்.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. தகவல் தொடர்பில் சொல்லுக்கு 7 சதவீதம்தான் பங்கு, குரலுக்கு 38, உடம்புக்கு 55 என்று பல பயிற்சி வகுப்புகளில் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த சோதனைகளிலிருந்து வந்த எண்கள் அவை. ஒற்றைச் சொற்களைப் பல தொனியில் கேட்கவைத்து, படங்களைக் காட்டி, பேசுபவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்ன சோதனை. சொல்லும் தொனியும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது எதை நம்புகிறோம் என்பதற்குத்தான் அது பொருந்தும். அதை எல்லாப் பேச்சுக்கும் நீட்டக் கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார். பாய்லர் வேலை செய்யவில்லை என்பதை எந்த உடம்பாலும் சொல்ல முடியாது. தேதி, முகவரி, என்ன வேண்டும் என்பதெல்லாம் சொல்லில்தான் போயாக வேண்டும்.

போனில் உடம்பு இல்லை என்பதால் சிலருக்கு அது எளிதாகவும் பலருக்கு நரகமாகவும் இருக்கிறது. நின்றுகொண்டு பேசுங்கள், குரல் திடமாக வரும். அந்த மூன்று வாக்கியத்தையும் எழுதி எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். வைக்கும் முன் ரெஃபரன்ஸ் நம்பர் கேளுங்கள்.

இதெல்லாம் சொல்லிவிட்டு, குறை கேட்கப்படாததற்குக் காரணம் எப்போதும் சொன்னவரின் தொனிதான் என்று நான் விட்டுவிட முடியாது. ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்துபோனான். வீட்டில் படர்ந்திருந்த பூஞ்சைதான் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை சொன்னது. சூடானிலிருந்து வந்த அவன் தந்தை 2017லேயே அந்தப் பூஞ்சையைப் பற்றிச் சொல்லியிருந்தார். மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் வாய்விட்டுச் சொன்னார், திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. இந்தச் செய்தியை வகுப்பில் படித்த நாளில் யாரும் வெகுநேரம் பேசவில்லை. எங்கள் மேசையில் இருந்தவர்களில் பலர் வீட்டில் அதே கறுப்புச் சுவர் இருந்தது.

அவன் பெயரிலேயே வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடி ஆபத்தானதை 24 மணி நேரத்துக்குள் ஆராய்ந்து ஆபத்தில்லாமல் ஆக்க வேண்டும், கடுமையான ஈரத்தையும் பூஞ்சையையும் 10 வேலை நாளுக்குள் வந்து ஆராய வேண்டும். கவுன்சில் அல்லது வீட்டுச் சங்கத்தின் வீட்டில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களுக்கான வீட்டுக் குறைதீர்ப்பாளரின் (ஹவுசிங் ஓம்புட்ஸ்மன்) விதிகளில், குறையைக் குறையாக ஏற்க 'கம்ப்ளெயின்ட்' என்ற சொல்லைக் குடியிருப்பவர் பயன்படுத்தியிருக்கத் தேவையில்லை என்று தெளிவாகவே இருக்கிறது. அதிருப்தியை எந்த வகையில் தெரிவித்தாலும் அது குறைதான். ஆனாலும் ரிப்பேருக்குச் சொல்லி நடக்காமல் போனால், அந்தச் சொல்லைப் போட்டே எழுதுங்கள் என்று நான் சொல்வேன். அதை அவர்கள் 5 வேலை நாளுக்குள் பதிவுசெய்து உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அதிலிருந்து முதல் கட்டப் பதிலுக்கு 10 வேலை நாள். எழுத்தில் குரல் ஏறுவதில்லை, தலை ஆடுவதில்லை. எங்கள் மாணவர்களில் கூச்சம் மிகுந்தவர்கள் எழுத்தில்தான் முதன்முதலில் வென்றார்கள்.

கடைசியாகப் பிள்ளைகள். இங்கே பிறந்த பிள்ளைக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு என்று எட்டு வயதுச் சிறுமியைப் பள்ளிக்கு லீவு போடவைத்து மொழிபெயர்க்கக் கூட்டிப்போகும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. தாயின் வயிற்றுவலியையும் தகப்பனின் கோபத்தையும் அந்தக் குழந்தை தன் வாயால் இன்னொரு பெரியவரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. மறுப்பு வந்தால் அதையும் அவளே வாங்கிக்கொண்டு, வீட்டாருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் பயந்து பாதியை விழுங்கிவிடுகிறாள், குறையும் போய்ச் சேர்வதில்லை. தேசிய சுகாதாரச் சேவையில் மொழிபெயர்ப்பாளர் இலவசம், தமிழுக்கும் உண்டு. போன் வழியாகவும் ஏற்பாடு செய்வார்கள். "ஐ நீட் எ டமில் இன்டர்ப்ரிட்டர், ப்ளீஸ்" என்று அப்பாயின்ட்மென்ட் போடும்போதே சொல்லிவிடுங்கள். அங்கே போய் நின்றுகொண்டு கேட்டால் ஆள் கிடைக்கத் தாமதமாகும்.